எதிர்த்தரப்பில் ஒரு நாற்காலி

ஆமாம், நான்தான். டிவியில் எழுந்து நின்றவன் நான்தான். பரவாயில்லை, சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. முன்பெல்லாம் பால் வாங்கப் போனால்கூட யாராவது என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரை முழங்கையால் இடிப்பார்கள். இப்போது அதெல்லாம் குறைந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு நீங்கள்தான் அடையாளம் கண்டுபிடித்திருக்கிறீர்கள். இப்படித் தள்ளி உட்காருங்கள், ஃபேன் காற்று இங்கேதான் வரும். இந்தப் படைவீரர் ஆஸ்பத்திரியில் மருந்து ஜன்னல் திறக்க இன்னும் நேரம் இருக்கிறது. நீங்கள் ராணுவமா? சிக்னல்ஸ் பிரிவா, நல்லது. அப்படியானால் உங்களுக்குப் புரியும். வெளியாட்களுக்கு விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

என் பெயர் சம்மந்தம். விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டர். அதாவது விமானத்தின் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவன். இறக்கை, சக்கரம், பிரேக், கதவு எல்லாம் என்னுடையது. எஞ்சினுக்கு வேறு ஆள். ஜூனியர் வாரண்ட் ஆபீசராக ரிடையர் ஆனேன், பெயரில்தான் ஆபீசர். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். வீடு இங்கே சேலையூரில். நான் பணம் அனுப்பினேன், என் மனைவி கோமளா நின்று கட்டினாள். கிரகப்பிரவேசத்துக்குக்கூட எனக்கு லீவு கிடைக்கவில்லை. அப்போது தேஜ்பூரில் இருந்தேன்.

அந்த விமான ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதா? புதுப் போர் விமானங்கள் செய்கிற வேலையை வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கொடுப்பதா, இங்கேயே நம் தொழிற்சாலையில் செய்வதா என்று நாடே அடித்துக்கொண்டதே. எந்த சேனலைத் திருப்பினாலும் அதுதான். அந்த நேரத்தில் எங்கள் முன்னாள் படைவீரர் சங்கச் செயலாளர் என் நம்பரை ஒரு சேனலுக்குக் கொடுத்துவிட்டார். ஒருநாள் மத்தியானம் ஒரு பெண் கூப்பிட்டாள். ஜெனிஃபர் என்று பெயர். விவாதத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலை. அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"சார், வெளிநாட்டு விமானத்துக்கு நீங்க ஆதரவா, எதிர்ப்பா?" என்று கேட்டாள்.

ரெண்டு பக்கமும் சொல்ல விஷயம் இருக்கிறது அம்மா என்றேன்.

"ரெண்டு பக்கமும்னு ஒரு நாற்காலி இல்லையே சார்," என்றாள். "ஆதரவுக்கு ஒரு விங் கமாண்டர் வர்றார். எதிர்ப்புக்குத்தான் ஆள் வேணும். சாயங்காலம் கார் அனுப்பவா?"

சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று அப்புறம் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்றைக்குக் காலையிலிருந்து என்னோடு பேசியது சிலிண்டர் கொண்டுவந்த ஆள் மட்டும்தான். அவரும், "ஓடிபி சொல்லுங்க," என்றதோடு சரி. அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். அதற்காக இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை. காரில் போகும்போது எதிர்ப்புக்கான காரணங்களை மனதில் அடுக்கிக்கொண்டேன். ஒன்றும் பொய்யில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு விமானத்தில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற ஒரு ரப்பர் சீல் போய்விட்டால் அந்தச் சீல் கடல் தாண்டி வருகிறவரைக்கும் விமானம் தரையில்தான். அதற்காக நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? ஒரு விமானத்தை ஹேங்கர் கொட்டகையின் மூலையில் தள்ளிவிட்டு அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி மற்றவற்றுக்கு மாட்டுவோம். அதற்கு அட்சய பாத்திரம் என்று பெயர் வைத்திருந்தோம். வடநாட்டுப் பையன்களும் அப்படித்தான் சொல்வார்கள், அர்த்தம் தெரியாமலே.

அதே சமயம், புதுசு வரும் வரும் என்று பழசிலேயே எத்தனை பேரை ஏற்றி அனுப்பியிருக்கிறோம். ஏணியில் ஏறி பைலட்டின் தோள்பட்டை வாரை இழுத்து மாட்டிவிட்டு, கீழே இறங்கி சல்யூட் வைத்து அனுப்புவோம். திரும்பி வருகிறவரைக்கும் ரன்வேயையே பார்த்துக்கொண்டு நிற்போம். அப்போதெல்லாம், எந்த நாட்டு விமானமாக இருந்தால் என்ன, நல்லதாக ஒன்று கொடுங்கடா என்றுதான் தோன்றும். இதையும் சொல்லவேண்டும் என்றுதான் போனேன். ஆனால் இது ஆதரவு நாற்காலிக்காரர் சொல்லவேண்டியது. விதி அப்படி.

ஸ்டூடியோவில் முகத்துக்குப் பவுடர் போட்டு உட்காரவைத்தார்கள். எதிர் நாற்காலிக்கு விங் கமாண்டர் ரங்கபாஷ்யம் வந்தார். மூக்குக்கண்ணாடி, பட்டை மீசை, குரல் அப்படியே பரேடு மைதானக் குரல். அவரோடு நான் ஒரே ஸ்டேஷனில் வேலை பார்த்ததில்லை. இருந்தாலும் அந்த நடையைப் பார்த்தவுடனே என் முதுகு நேராகிவிட்டது. விவாதம் ஆரம்பித்தது. நான் சீல் கதையைச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். நெறியாளர் தம்பிகூடத் தலையை ஆட்டினார். அப்போது விங் கமாண்டர் என் பக்கம் திரும்பி, "மிஸ்டர் சம்மந்தம், உங்க ரேங்க் என்ன?" என்று கேட்டார்.

எழுந்து நின்றுவிட்டேன்.

கைகளைத் தொடையோடு ஒட்டி, கட்டைவிரலைப் பேண்ட் தையலில் வைத்து, "ஜூனியர் வாரண்ட் ஆபீசர் சம்மந்தம், ஏர்ஃபிரேம், சார்," என்று முழுசாகச் சொன்னேன். கேமராவில் என் தலை இல்லை. சட்டைப் பட்டனும் பெல்ட்டும்தான் தெரிந்தது. மைக் வயர் இழுபட்டுத் தண்ணீர் கிளாஸ் கவிழ்ந்தது. நெறியாளர், "சார், உட்காருங்க, நேரலை போயிட்டிருக்கு," என்கிறார். நான் உட்காரவில்லை. அந்தத் தம்பி சொல்லி நான் எப்படி உட்காருவது? விங் கமாண்டர் சொல்லவேண்டும். அவருக்கும் அது உடனே புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சிட் டவுன்," என்றார். உட்கார்ந்தேன்.

உங்களுக்குப் புரிகிறதல்லவா? நீங்களாக இருந்தாலும் நின்றிருப்பீர்கள்.

மறுநாள் அந்தத் துண்டு எல்லா ஃபோனிலும் வந்துவிட்டது. பாட்டெல்லாம் சேர்த்திருந்தார்கள். எனக்கு முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அதைப் பார்க்கிறவன் முன்னாலிருக்கிற சீல் விஷயத்தையும் கேட்டுத்தானே ஆகவேண்டும்? ஜெனிஃபர் அந்த வாரமே மறுபடி கூப்பிட்டாள். அப்புறம் அடிக்கடி கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும், "விங் கமாண்டரும் வர்றார் சார், முதல் நாள் மாதிரியே இயல்பா இருங்க," என்பாள். இயல்பாகப் பேசுகிறவர்களுக்கு டிவியில் பஞ்சம் போலிருக்கிறது. நெறியாளரும் எப்படியாவது பேச்சை என் ரேங்க் பக்கம் கொண்டுவந்துவிடுவார். என் அனுபவத்தைப் பார்வையாளர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும் அல்லவா, அதற்காக. நான் எச்சரிக்கையாக நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்வேன். இரண்டு மூன்று தடவை பாதி எழுந்திருக்கிறேன். முழுசாக இல்லை.

திரும்பும்போது எனக்கும் விங் கமாண்டருக்கும் ஒரே கார். அவர் வீடு ராஜகீழ்ப்பாக்கம். அவர் பின்னால், நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். பல்லாவரம் தாண்டியதும் மெதுவாகப் பேச ஆரம்பிப்பார். "அந்த ஸ்பேர்ஸ் விஷயம் நீங்க சொல்றது ரொம்ப சரி, சம்மந்தம். நான் அதை அங்க சொல்ல முடியாது," என்பார். பைலட்டுகளைப் பற்றி நீங்கள் சொல்வதும் சரிதான் சார் என்பேன். இரண்டு பேரும் கட்சி மாறி, அவர் எதிர்ப்பும் நான் ஆதரவுமாகவே வீடு வந்து சேருவோம். டிரைவருக்குச் சிரிப்பு தாங்காது. இதை அப்படியே ஒளிபரப்பலாமே சார் என்று ஒருநாள் கேட்டான். யார் பார்ப்பார்கள்?

கோமளாவைப் பற்றிச் சொல்லவந்தேன். அவள் பூனாவில் மகள் வினோதினி வீட்டில் இருக்கிறாள். பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போனாள். நான் ரிடையர் ஆகி வந்த கொஞ்ச நாளில் கிளம்பினாள், பிள்ளைக்கு ஒரு வயது ஆகிறவரைக்கும் என்று சொல்லித்தான். பேத்தி இப்போது யூகேஜி. பூனாவில் பள்ளிக்கூடமெல்லாம் ரொம்பக் கெடுபிடியாம், வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கவேண்டியிருக்கிறது.

அவளுக்கும் எனக்கும் சண்டை எதுவும் இல்லை. அதைக் கேட்காதீர்கள். என் சர்வீஸ் முழுக்க வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்துபோனவன் நான். நிரந்தரமாக வந்தபோது வீட்டுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியது. எங்கள் ஹேங்கரில் ஒரு முறை உண்டு. சுவரில் பலகை மாட்டி, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் நிழலைப் போலக் கறுப்புப் பெயிண்டில் உருவம் வரைந்திருப்போம். வேலை முடிந்ததும் எது காலியாகத் தெரிகிறதோ அந்தச் சாமான் விமானத்துக்குள்ளேயே கிடக்கிறது என்று அர்த்தம். கண்டெடுக்கிறவரைக்கும் விமானம் பறக்கக்கூடாது. அதேபோல நம் சமையல்கட்டிலும் வரைந்துகொடுத்தேன். தோசைக்கரண்டி, குழம்புக்கரண்டி, ஜல்லிக்கரண்டி, அரிவாள்மனைக்குக்கூட. கோமளா அவள் தம்பி வீட்டுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்துச் செய்தேன், வந்ததும் ஆச்சரியப்படட்டும் என்று. அவளும் ஆச்சரியப்பட்டாள். வாசற்படியிலேயே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எந்தக் கரண்டி எந்த நிழலில் என்று நானே சரிபார்த்துவிடுவேன், அவளுக்கு அந்தச் சிரமம் வேண்டாமே என்று. மசாலா டப்பாவுக்கெல்லாம் லேபிள் ஒட்ட ஆரம்பித்தபோதுதான் அவள் பூனாவுக்குக் கிளம்பினாள். பாதியிலேயே நின்றுபோயிற்று.

பூனாவிலிருந்து அவள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். மாத்திரை போட்டீர்களா, கரண்ட் பில் கட்டினீர்களா, இவ்வளவுதான். நானும் போட்டேன், கட்டினேன் என்பேன். பிறகு யார் முதலில் வைப்பது என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்.

அந்த எழுந்து நின்ற வீடியோவை வினோதினி அவளுக்குக் காட்டியிருக்கிறாள். கிழமை பார்க்காமல் கூப்பிட்டாள். "ஏங்க, எதுக்குங்க எந்திரிச்சு நின்னீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள். எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. என் மனைவி சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரைக்கும் சரியாகத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அதிலிருந்து விவாதம் இருக்கிற நாளெல்லாம் கூப்பிட்டாள். முதலில் சட்டைக் காலர் மடங்கியிருந்தது, மீசைக்கு மை அதிகம், இப்படி. அப்புறம் அது வேறு பேச்சுக்கெல்லாம் போய்விடும். பூனாக் குளிரில் முட்டி வலிக்கிறது, பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மா பாகற்காயில் சர்க்கரை போடுகிறாள், பேத்தி இந்தியில் கனவு காண்கிறாள், தூக்கத்தில் அவள் உளறுவது எனக்குப் புரியவில்லை என்றெல்லாம் சொல்லுவாள். நான் தேஜ்பூரில், ஜாம்நகரில் இருந்தபோது எங்கள் மெஸ்ஸில் என்ன சமைப்பார்கள் என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு இதெல்லாம் தெரியாதா என்று யோசித்தேன். தெரியாதுதான். நான் சொன்னதில்லை.

ஒருநாள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது, "உண்மையில நீங்க என்னங்க நினைக்கறீங்க? வெளிநாட்டு விமானம் வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

அதுவரைக்கும் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. ஜெனிஃபர் கேட்டது நாற்காலிக்காக. நான் நிதானமாக யோசித்து, ஒரு பக்கம் பார்த்தால் சீல் பிரச்சினை, நம் தொழிற்சாலைப் பிள்ளைகளின் வேலை, இன்னொரு பக்கம் பார்த்தால் பைலட்டின் உயிர், நம் ஆட்கள் செய்துமுடிக்க ஆகிற காலம் என்று விரிவாக எடுத்துச் சொன்னேன்.

"டிவியில சொன்னதைக் கேட்டாச்சு," என்றாள். "நான் உங்களைத்தானே கேட்டேன்."

இதுவும் நான்தானே கோமளா என்றேன். பேத்தி அழுகிறாள் என்று வைத்துவிட்டாள்.

கடைசியில் ஒப்பந்தம் அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கே போயிற்று. கையெழுத்தான அன்றைக்குப் பெரிய விவாதம், நாங்கள் எட்டுப் பேர், என்னைக் கடைசியில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். தோற்ற கட்சி அல்லவா. மறுநாளிலிருந்து யாரோ ஒரு நடிகர் கட்சி ஆரம்பிப்பாரா மாட்டாரா என்று போய்விட்டார்கள். நான் சட்டையை இஸ்திரி போட்டுத் தயாராக வைத்திருந்தேன். ஒருநாள் ஜெனிஃபரை நானே கூப்பிட்டேன். "டிஃபென்ஸ் டாபிக் வந்தா கண்டிப்பா உங்களைத்தான் சார் கூப்பிடுவேன்," என்றாள். நல்ல பெண். விங் கமாண்டரையும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். எங்கள் பேச்செல்லாம் அந்தக் காரோடு சரி போலிருக்கிறது. நலமா என்றார், நலம் சார் என்றேன்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்கக்கூடாது. அந்த நாட்களில் காலையில் பேப்பர் வந்ததும் எல்லைப் பக்கச் செய்தியைத்தான் முதலில் தேடுவேன். ஏதாவது உரசல் வந்திருக்கிறதா, ஒரு விமானம் கிமானம் விழுந்திருக்கிறதா என்று. ஒன்றும் இல்லையென்றால் சப்பென்று இருக்கும். ஒருநாள் அப்படி மடித்துவைக்கும்போதுதான், அட, என்ன மனுஷன்டா நீ, என்று எனக்கே திக்கென்றது. எத்தனை பைலட்டுகளை வாரைப் பூட்டி அனுப்பியவன் நான். பேப்பரை நிறுத்திவிட்டேன். அப்படியெல்லாம் என்னை நானே கேட்டுக்கொள்ளத் தவறமாட்டேன். அது ஒரு நல்ல பழக்கம்தான் என்று நினைக்கிறேன்.

கோமளாவின் ஃபோனும் குறைந்துபோய் ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்பிவிட்டது. விவாதம் இல்லையே, பேச என்ன இருக்கிறது? மாத்திரை, கரண்ட் பில்.

போன மாதம் திடீரென்று ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டாள். கிழமை என்னவோ, ஞாயிறு இல்லை. டிவியில் நான் வருகிறேனோ என்று நினைத்துக் கூப்பிட்டாயா என்றேன். இல்லை, சும்மாதான் என்றாள். வினோதினி ஆபீஸை வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றிக்கொண்டாளாம். பேத்தி மத்தியானம் பள்ளிக்கூடத்திலேயே தங்கிக்கொள்கிறாளாம். எனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை என்றாள்.

"ஏங்க, நான் அங்க வந்துடட்டுமா?"

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய முடிவு அல்லவா? அவசரப்பட்டு ஒன்றைச் சொல்லிவிடக்கூடாது. என் சௌகரியத்துக்காக அவளை வரவழைத்தேன் என்று பின்னால் ஆகிவிடக்கூடாது. அதனால் எல்லாவற்றையும் அவள் முன்னால் எடுத்துவைத்தேன். முதலில், இங்கே நான் தனியாகச் சமாளித்துக்கொள்கிறேன், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றேன். அடுத்தது அவள் முட்டி. பூனாக் குளிர் ஆகாது, அந்த வகையில் வருவது நல்லது. ஆனால் இங்கே மாடிப்படி இருக்கிறது, அதையும் பார்க்கவேண்டும். பேத்திக்குப் பாட்டியின் பழக்கம் விட்டுப்போகும். அதே சமயம் வினோதினிக்கும் தன் வீடு தன் கையில் இருக்கவேண்டாமா? தண்ணீர் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது, ஆள் கூடினால் யோசிக்கவேண்டும், லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம் என்றாலும்கூட. இப்படி ஒன்றையும் விடவில்லை. நன்றாகவே சொன்னேன். கடைசியில், எப்படிப் பார்த்தாலும் முடிவு உன்னுடையது, நீ இருந்தாலும் எனக்குச் சம்மதம், வந்தாலும் எனக்குச் சம்மதம் என்று முடித்தேன்.

அவள் குறுக்கே பேசவே இல்லை. முழுசாகக் கேட்டாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் அப்புறம்.

இன்னும் இல்லை, இனிமேல்தான் என்றேன்.

"சரிங்க, சாப்பிடுங்க," என்று வைத்துவிட்டாள்.

யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். யோசிக்கட்டும். இரண்டு நாள் கழித்து வினோதினி கூப்பிட்டாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை, என் ஜாடை. "அப்பா, அம்மா பெட்டியெல்லாம் கீழ இறக்கித் துடைச்சு வச்சிருந்தாங்க. ரெண்டு புடவைகூட மடிச்சு வச்சுட்டாங்க. உங்ககிட்ட பேசிட்டு வந்து திரும்ப எல்லாத்தையும் லாஃப்ட்ல ஏத்திட்டாங்க. நீங்க என்னப்பா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

நான் வேண்டாம் என்று ஒன்றும் சொல்லவில்லையே அம்மா என்றேன். உண்மைதானே? நான் பேசியதை வரிவரியாக அவளிடமும் சொன்னேன். இப்போது உங்களிடம் சொன்ன மாதிரியேதான். அவள் கேட்டுவிட்டு, "சரிப்பா," என்றாள். அதே 'சரி'. அம்மாவும் பெண்ணும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கோமளா கூப்பிடவில்லை. கோயிலுக்குப் போயிருப்பாள். நாமே கூப்பிட்டால் என்ன என்று ஃபோனைக் கையில் எடுத்தேன். ஆனால் அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது நான் கூப்பிட்டால் வற்புறுத்துகிற மாதிரி ஆகிவிடாதா?

என்ன? 'வா' என்று சொன்னேனா என்றா கேட்கிறீர்கள்?

நீங்கள் சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். வந்தாலும் எனக்குச் சம்மதம் என்று சொன்னேனே. தெளிவாகச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.